வீட்டுக் கடன் காப்பீடு வேறு. வீட்டுக் காப்பீடு வேறு!

வாசலில் நிற்கும் இருசக்கர வாகனத்துக்குக் காப்பீடு இல்லையென்றால் காவலர் அபராதம் விதிப்பார். அந்த வாகனம் நிற்கும் வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. மூன்றாம் நபருக்கான காப்பீட்டை மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. வீட்டுக்கு அப்படியொரு சட்டம் இந்தியாவில் இல்லை. இதனால், ஒரு குடும்பம் வாழ்நாளில் சேர்க்கும் சொத்துகளிலேயே மிகப் பெரியது, பல வேளைகளில் எந்தக் காப்பும் இல்லாமலேயே நிற்கிறது.

தமிழகத்துக்கு இது ஏட்டளவிலான கவலை அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2018 நவம்பரில் டெல்டா மாவட்டங்களைச் சிதைத்த கஜா புயல், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று பட்டியல் நீள்கிறது. மிக்ஜாம் ஓய்ந்த இரண்டே வாரங்களில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. 2024இல் ஃபெஞ்சல் புயலின் மழை விழுப்புரத்தையும் திருவண்ணாமலையையும் உலுக்கியது.

ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் நிவாரணம் வழங்கப்படுகிறது. மிக்ஜாம் புயலால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாநில அரசு தலா 6,000 ரூபாய் வழங்கியது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்காக மத்திய அரசு 2022-26 காலத்துக்கு வகுத்த விதிமுறைப்படி, சமவெளியில் முழுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. இவை உடனடித் துயரைத் தணிக்கும் தொகைகள். இடிந்த வீட்டை மறுபடியும் எழுப்பித் தருவது இவற்றின் நோக்கமல்ல. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது வீட்டுக் காப்பீடு. ஆனால், அதைப் பற்றிய தெளிவு படித்தவர்களிடம்கூடக் குறைவாகவே இருக்கிறது.

கடனுக்கா, கட்டடத்துக்கா?

"எங்கள் வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது, கடன் வாங்கும்போதே வங்கியில் எடுத்துவிட்டார்கள்" என்று சொல்பவர்கள் பலர். அவர்களில் கணிசமானோரின் கையில் இருப்பது வீட்டுக் காப்பீடு அல்ல, கடன் பாதுகாப்புக் காப்பீடு. அது ஆயுள் காப்பீட்டின் ஒரு வகை. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், மீதிக் கடனை வங்கிக்குச் செலுத்தும். குடும்பத்தின் தலையில் கடன் விழாமல் காப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடன் வாங்கியவர் உயிரோடு இருக்கும்போது வீடு வெள்ளத்தில் மூழ்கினாலும் தீயில் எரிந்தாலும் அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாயும் வராது. மாதத் தவணையோ நிற்காமல் தொடரும்.

இரண்டின் பிரீமியமும் சில வேளைகளில் கடன் தொகையோடு சேர்க்கப்பட்டுத் தவணையில் கரைந்துவிடுவதால், எது எதற்கு என்று கடன் பெற்றவருக்கே தெரிவதில்லை. எனவே, வீட்டுக் கடன் உள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வங்கியிடம் பாலிசிப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அதை வழங்கியிருப்பது ஆயுள் காப்பீட்டு நிறுவனம் என்றால் அது கடனுக்கானது. பொதுக் காப்பீட்டு நிறுவனம் என்றால், அது கட்டடத்துக்கானதா, விபத்துக்கானதா என்று உள்ளே பார்க்க வேண்டும்.

கட்டடத்துக்கான பாலிசியாக இருந்தாலும் இன்னொரு கேள்வி உண்டு. எவ்வளவு தொகைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு? சில வேளைகளில் கடன் தொகை அளவுக்கு மட்டும் காப்பீடு எடுக்கப்படும். 20 ஆண்டுக் கடனுக்குச் சில ஆண்டுகள் மட்டுமே காப்பீடு எடுத்துப் பின்னர் புதுப்பிக்காமல் விடுவதும் நடக்கிறது. வங்கியின் பெயர் பாலிசியில் குறிக்கப்பட்டிருந்தால், இழப்பீட்டில் முதல் உரிமை வங்கிக்கே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சொற்கள் ஒன்று, விலைதான் வேறு

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வீட்டுக் காப்பீட்டுக்கு ஒரு பொது வடிவம் நடைமுறையில் இருக்கிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐஆர்டிஏஐ) வகுத்த அதன் பெயர் 'பாரத் கிருஹ ரக்ஷா'. தீக் காப்பீட்டுத் தொழில் செய்யும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் இதை வழங்கியாக வேண்டும். அடிப்படைப் பாலிசியின் வாசகம் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றே. பிரீமியம் மட்டுமே மாறும். கூடுதலாகச் சேர்க்கும் காப்புகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம்.

பெயரளவில் இது தீக் காப்பீட்டின் வாரிசு என்றாலும், தீயோடு நிற்பதில்லை. இடி மின்னல், வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், ஆழிப்பேரலை, நிலச்சரிவு, காட்டுத்தீ, வாகனமோ மரமோ மோதி ஏற்படும் சேதம், கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே பிறர் விளைவிக்கும் சேதம், பயங்கரவாதச் செயல், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவதால் வரும் சேதம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஏவுகணைச் சோதனையால் ஏற்படும் சேதம்கூடப் பட்டியலில் இருக்கிறது. முன்பிருந்த சில பாலிசிகளைப் போல வெள்ளத்துக்குத் தனி, நிலநடுக்கத்துக்குத் தனி என்று கேட்டு வாங்க வேண்டியதில்லை.

இவற்றோடு உள்ளடங்கிய சில சலுகைகளும் உண்டு. இடிபாடுகளை அகற்றும் செலவுக்கு, ஏற்கப்பட்ட இழப்பீட்டில் 2% வரை கிடைக்கும். கட்டடக் கலைஞர், பொறியாளர் ஆகியோருக்கான கட்டணத்துக்கு 5% வரை கிடைக்கும். வீடு வசிக்கத் தகுதியற்றதாகிவிட்டால், சீரமைக்கத் தேவைப்படும் நியாயமான காலத்துக்கு மாற்று வீட்டின் வாடகையையோ, வாடகைக்கு விட்ட வீடாக இருந்தால் இழந்த வாடகையையோ கோர வழி உண்டு. இப்படியொரு பிரிவு இருப்பது தெரியாததாலேயே இதைக் கோராமல் விடுபவர்கள் இருக்கிறார்கள்.

கட்டடமும் பொருள்களும்

வீட்டுக் காப்பீட்டுக்கு இரண்டு கால்கள். ஒன்று கட்டடம், மற்றொன்று வீட்டுப் பொருள்கள். இரண்டையும் சேர்த்தும் எடுக்கலாம், ஒன்றை மட்டும் தனியாகவும் எடுக்கலாம்.

கட்டடம் என்பதில் வீட்டோடு சுற்றுச்சுவர், கார் நிறுத்துமிடம், தண்ணீர்த் தொட்டி, மாடியில் பதித்த சூரிய மின்தகடு போன்றவையும் சேரும். ஆனால் அவற்றின் மதிப்பைக் காப்புத் தொகையில் சேர்த்திருக்க வேண்டும். நிலம் இதில் சேராது. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வீட்டுப் பொருள்கள் என்பன கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, துணிமணி, பாத்திரம் முதலியவை. கட்டடத்துக்கும் பொருளுக்கும் சேர்த்து பாரத் கிருஹ ரக்ஷா எடுத்தால், கட்டடக் காப்புத் தொகையில் 20% அளவுக்கு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பொருள்களுக்குத் தனிப் பட்டியல் தராமலேயே காப்பு கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் விவரம் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

நகை, ஓவியம், அரிய கலைப்பொருள் ஆகியவை பொதுப் பொருள்களில் சேர்வதில்லை. அவற்றுக்கு விருப்பக் காப்பு உண்டு. மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கேற்பப் பிரீமியம் செலுத்த வேண்டும். ரொக்கப் பணம், காசோலை, பங்குப் பத்திரம், வாகனம் ஆகியவற்றுக்கு இந்தப் பாலிசியில் இடமே இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய காருக்கான இழப்பீட்டை அந்தக் காரின் முழுமைக் காப்பீட்டில்தான் கோர வேண்டும்.

திருட்டு எங்கே?

வீட்டுக் காப்பீடு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பூட்டை உடைத்து நடக்கும் திருட்டுதான். ஆனால் அடிப்படைப் பாலிசி வழக்கமான திருட்டுக்குப் பொருந்தாது. தீ, வெள்ளம், கலவரம் போன்ற நிகழ்வு ஒன்று நடந்து, அதன் விளைவாக ஏழு நாள்களுக்குள் பொருள் திருடுபோனால் மட்டுமே இழப்பீடு உண்டு. வெள்ளத்தால் வீட்டைவிட்டு வெளியேறியபோது பொருள்கள் களவுபோயின என்றால் கோரலாம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது திருடு போனது என்றால் கோர முடியாது.

அதற்குத் தனித் திருட்டுக் காப்பீடோ, பல பிரிவுகளை ஒன்றாகக் கட்டித் தரும் 'ஹவுஸ்ஹோல்டர்ஸ்' தொகுப்புப் பாலிசியோ தேவை. இத்தகைய தொகுப்பில் தீ, திருட்டு, மின்சாதனப் பழுது, நகைக்கான அனைத்து அபாயக் காப்பு, வீட்டுக்கு வந்தவருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்பு என்று பிரிவுகள் இருக்கும். தேவையானதைத் தேர்ந்தெடுக்கலாம். நகை வீட்டில் இருக்கும்போது மட்டும் காப்பா, அணிந்து செல்லும்போதும் காப்பா என்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். வீடு தொடர்ந்து பல நாள் பூட்டிக் கிடந்தால் திருட்டுக் காப்பு செல்லுமா என்ற நிபந்தனையையும் பார்க்க வேண்டும்.

வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டால் கவலையில்லை என்று நினைப்பதும் முழுச் சரியல்ல. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். 3,000 ரூபாய் வாடகை என்றால் 3 லட்சம் ரூபாய். இன்றைய தங்கத்தின் விலையில் அது எத்தனை சவரனுக்குப் போதும் என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சந்தை விலை அல்ல, கட்டுமானச் செலவு

எவ்வளவு தொகைக்குக் காப்பீடு எடுப்பது என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். வீடு 90 லட்சம் ரூபாய்க்கு விலைபோகும் என்பதால் 90 லட்சத்துக்குக் காப்பீடு எடுப்பது வீண் செலவு. அந்த விலையில் பெரும்பகுதி நிலத்துக்கானது. வீடு இடிந்தாலும் நிலம் அங்கேயே இருக்கும். காப்பீடு ஈடுசெய்வது, அதே வீட்டை இன்றைய விலைவாசியில் மறுபடி கட்டுவதற்கான செலவை மட்டுமே.

கணக்கு எளிது. சுவர்களுக்கு உட்பட்ட தளப் பரப்பை, அதாவது கார்பெட் ஏரியாவை, சதுர அடிக்கான கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 900 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.50 லட்சம். சுற்றுச்சுவர், தொட்டி போன்றவற்றுக்கு 1.50 லட்சம் சேர்த்தால் 24 லட்சம். பொருள்களுக்கு அதில் 20%, அதாவது 4.80 லட்சம். ஆக, 90 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்குத் தேவையான காப்பு 28.80 லட்சம்தான். அந்த அளவுக்கான ஆண்டுப் பிரீமியம் பொதுவாகச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

தொகையைக் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? பழைய பாலிசிகளில் 'குறைக்காப்பீடு' என்றொரு விதி உண்டு. 40 லட்சம் மதிப்புள்ள கட்டடத்துக்கு 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்து, 10 லட்சம் ரூபாய் சேதம் ஏற்பட்டால், பாதி மதிப்புக்குத்தானே காப்பீடு எடுத்தீர்கள் என்று சேதத்திலும் பாதியை, அதாவது 5 லட்சத்தை மட்டுமே தருவார்கள். காப்புத் தொகை 20 லட்சம் இருக்க, 10 லட்சம் ஏன் கிடைக்கவில்லை என்று திகைத்தவர்கள் அநேகர். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு கிடையாது. நுகர்வோருக்கு அதன் ஆகப் பெரிய நன்மை இதுவே. ஆனால் வேறு பெயர்களில் விற்கப்படும் பாலிசிகளிலும் கூடுதல் பிரிவுகளிலும் இவ்விதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பொருளின் தேய்மானத்தைக் கழித்துத் தருவார்களா, புதிய பொருளின் விலையைத் தருவார்களா என்பதும் கேட்டறிய வேண்டிய ஒன்று.

அடுக்ககமும் வாடகை வீடும்

அடுக்ககத்தில் வீடு வைத்திருப்பவரின் நிலை சற்றுச் சிக்கலானது. தன் வீட்டுக்குள் உள்ள சுவர், தரை, பொருள்களுக்கு அவர் தனியாகக் காப்பீடு எடுக்கலாம். ஆனால் அடித்தளம், தூண்கள், மாடிப்படி, மின்தூக்கி, மின்மாற்றி, மோட்டார் அறை ஆகியவை எல்லோருக்கும் பொது. வெள்ளத்தின்போது முதலில் மூழ்குபவை பெரும்பாலும் இவையே. அவற்றுக்குக் குடியிருப்போர் சங்கம்தான் காப்பீடு எடுக்க வேண்டும். மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் பாதுகாவலர் சம்பளமும் பெயிண்ட் செலவும் விவாதிக்கப்படும் அளவுக்குக் கட்டடக் காப்பீடு விவாதிக்கப்படுவதில்லை. ஆண்டுப் பொதுக்குழுவில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று இது.

வாடகைக்குக் குடியிருப்பவருக்கு வீட்டுக் காப்பீடு எதற்கு என்று தோன்றலாம். கட்டடம் உரிமையாளருடையது, ஆனால் உள்ளே இருப்பவை குடியிருப்பவரின் உழைப்பு. வீட்டு உரிமையாளர் எடுத்த கட்டடக் காப்பீடு குடியிருப்பவரின் தொலைக்காட்சிக்கோ துணி துவைக்கும் இயந்திரத்துக்கோ இழப்பீடு தராது. பொருள்களுக்கு மட்டுமான காப்பீட்டை வாடகைதாரர் தன் பெயரில் எடுத்துக்கொள்ளலாம்.

எவற்றுக்குக் கிடைக்காது?

காப்பீடு எதிர்பாராத நிகழ்வுக்கானது. மெல்ல மெல்ல நேரும் சிதைவுக்கானது அல்ல. பல மழைக்காலங்களாகக் கசிந்து பூத்த சுவர், காலத்தால் அரித்த கம்பி, புதுக் கட்டடம் நிலத்தில் அமரும்போது ஏற்படும் வழக்கமான விரிசல், தரமற்ற கட்டுமானத்தால் வரும் சேதம் ஆகியவை விலக்குகளில் அடங்கும். ஏரியையோ பள்ளத்தையோ மண் கொட்டி நிரப்பிய நிலம் தானாக இறங்குவதால் வரும் சேதமும் அவ்வாறே. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆழிப்பேரலைக்குக் காப்பு உண்டு, கடல் அரிப்பால் நிலம் இறங்குவதற்குக் கிடையாது. நதிக்கரை அரிப்புக்கும் இதுவே விதி.

மின்கசிவால் ஒரு சாதனம் மட்டும் எரிந்துபோனால் அச்சாதனத்துக்கு இழப்பீடு இல்லை. அதிலிருந்து தீ பரவி வீடு எரிந்தால் மற்றவற்றுக்கு உண்டு. போர், அணுக்கதிர் வீச்சு, உரிமையாளரே வேண்டுமென்று செய்த சேதம் ஆகியவையும் விலக்கப்பட்டவை.

உண்மையை மறைத்தாலும் காப்பு நழுவும். கீழ்த்தளத்தில் கடையும் மேலே வீடும் இருப்பது நம் ஊர்களில் சாதாரணம். அதைச் சொல்லாமல் முழுவதும் குடியிருப்பு என்று எழுதிக்கொடுத்தால், இழப்பு நேரும்போது தகராறு வரும். மேலே இன்னொரு மாடி எழுப்பினாலும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வீடு இன்னமும் தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது என்றால், காப்பீடு எடுப்பவருக்கு அந்த வீட்டில் உள்ள உரிமையைக் காட்டும் வாரிசு ஆவணங்களை ஆயத்தமாக வைத்திருப்பது அவசியம். வீட்டை விற்றால் பாலிசி தானாகப் புதிய உரிமையாளருக்குச் செல்லாது.

இழப்பு நேர்ந்தால்...

முதலில் உயிர், பிறகே உடைமை. பாதுகாப்பாக வெளியேறிய பின், தாமதிக்காமல் நிறுவனத்துக்குத் தகவல் தர வேண்டும். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கையும், திருட்டு என்றால் முதல் தகவல் அறிக்கையும் தேவைப்படும். சேதத்தைப் படமெடுக்க வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தின் அடையாளம் உட்பட. நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பதற்கு முன் நனைந்த பொருள்களைக் குப்பையில் கொட்டிவிடக் கூடாது. அதேவேளையில், சேதம் மேலும் பரவாமல் தடுக்க வேண்டியதும் நம் கடமை.

வெள்ளத்தில் பத்திரமும் ரசீதும் சேர்ந்தே போய்விடும். எனவே பாலிசி, விற்பனைப் பத்திரம், பெரிய பொருள்களின் ரசீது, அறைவாரியாக எடுத்த படங்கள் ஆகியவற்றை இணையச் சேமிப்பிலோ வெளியூர் உறவினரிடமோ ஒரு படி வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஆவணம் இல்லை என்ற காரணத்தை மட்டும் காட்டிப் பொதுக் காப்பீட்டுக் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று 2024இல் ஐஆர்டிஏஐ வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை கூறுகிறது. இதை அறிந்திருப்பவருக்கு அலுவலகத்தில் கிடைக்கும் பதிலே வேறாக இருக்கும்.

கோரிக்கை மறுக்கப்பட்டாலோ தொகை நியாயமின்றிக் குறைக்கப்பட்டாலோ, காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனை அணுகலாம். சென்னையிலும் அவரது அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான தனிநபர் கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஐஆர்டிஏஐயின் 155255 என்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது

தனிமனிதரின் விழிப்புணர்வோடு மட்டும் இது முடிந்துவிடுவதில்லை. பிரான்ஸில் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டுக் காப்பீட்டோடு இயற்கைப் பேரிடர் காப்பும் கட்டாயமாக இணைந்திருக்கிறது. 1999 நிலநடுக்கத்துக்குப் பிறகு துருக்கி, வீடுகளுக்கு நிலநடுக்கக் காப்பீட்டைக் கட்டாயமாக்கி அதற்கென ஒரு பொது நிதியத்தையும் உருவாக்கியது. இழப்பைப் பலரும் பகிர்ந்துகொண்டால் தனியொருவரின் சுமை குறையும் என்பதே இவற்றின் அடிப்படை.

இங்கே கட்டாயம் என்ற சொல்லுக்கு முன் செய்ய வேண்டிய எளிய செயல்கள் சில உள்ளன. முதலாவது, கடன் பாதுகாப்புக் காப்பீடும் கட்டடக் காப்பீடும் வேறு வேறு என்பதை, கடன் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே வாடிக்கையாளரின் தாய்மொழியில் எழுதிக் கையொப்பம் பெறும் நடைமுறையை வங்கிகளுக்கு விதிக்க வேண்டும். பாலிசிப் பத்திரமும் தமிழில் கிடைக்க வேண்டும். புரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரிடம், 'நிபந்தனையைப் படிக்கவில்லையா?' என்று பிறகு கேட்பது நியாயமல்ல.

இரண்டாவது, தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் வீட்டுக் காப்பீட்டுக்கு 18% வரி தொடர்கிறது. குறிப்பிட்ட பரப்புக்குட்பட்ட வீடுகளுக்காவது இந்த வரியை விலக்கினால், அரசு இழக்கும் வருவாய் பெரிதாக இருக்காது. பேரிடருக்குப் பிந்தைய நிவாரணச் சுமை குறைய அது ஒரு வழியாகும்.

மூன்றாவது, ஏழைகளின் வீடுகள். புயலில் முதலில் விழுவது கூரை வீடு. காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கத் தயங்குவதும் அதையே. ஓலையும் மூங்கிலும் கொண்ட வீட்டுக்குப் பிரீமியம் கூடுதல், கவனிப்பு குறைவு. அரசின் வீட்டுவசதித் திட்டங்களில் கட்டித்தரப்படும் வீடுகளுக்கு அரசே கூட்டுக் காப்பீடு எடுத்தால், வீடு வாரியாக ஆகும் செலவு மிகச் சிறியது. மழையளவு ஒரு வரம்பைத் தாண்டியதும், சேத மதிப்பீட்டுக்குக் காத்திராமல் தொகை வழங்கும் காப்பீட்டை நாகாலாந்து அரசு மாநில அளவில் எடுத்திருக்கிறது. நீண்ட கடற்கரையும் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள தமிழகம் அதைப் பரிசீலிக்காமல் இருக்கக் காரணமில்லை.

இவையெல்லாம் நடக்கும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. நிகழ்ந்துவிட்ட இழப்புக்கு எந்த நிறுவனமும் பாலிசி தராது; வாசலில் தண்ணீர் ஏறிய பிறகு அதைத் தேடிப் பயனில்லை. பீரோவில் இருக்கும் பத்திரத்தை இன்றே எடுத்து நான்கு கேள்விகளுக்கு விடை தேடலாம். காப்பு என் கடனுக்கா, கட்டடத்துக்கா? பொருள்களும் அடங்குமா? தொகை மறுகட்டுமானத்துக்குப் போதுமா? எந்தத் தேதி வரை செல்லும்? இவற்றில் ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும், அடுத்த பருவமழைக்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்று பொருள்.